மங்கை டீச்சர் தரையிலிருந்து எழுந்த விதம்

செய்தி வந்தபோது நான் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். போனில் பிரியா. எங்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிற பெண். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள், அன்று "தமிழம்மா... தமிழம்மா..." என்று என்னைக் கூப்பிட்டதோடு சரி. "என்னடி, சொல்லித் தொலையேன்!" என்று அதட்டினேன். மங்கை டீச்சர் போய்விட்டார் என்றாள். "எங்கே?" என்று கேட்டேன். அறுபதைத் தாண்டிய ஒருத்தி கேட்கிற கேள்வியா அது? ஆனால் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

பால் போடுகிறவர் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. பக்கத்து வீட்டாரிடம் இருந்த சாவியை வாங்கித் திறந்து பார்த்தால், சமையலறை வாசலில் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்திருக்கிறார். ஃபில்டரில் டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்ததாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்றிருக்கிறது என்றார். "விழலையே? எங்கேயும் அடி இல்லையே?" என்று நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இந்த அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மங்கையர்க்கரசி டீச்சரிடம் கணக்குப் படித்தவர்கள் திருவாரூரில் எத்தனை பேர் என்று கேட்டால், தடுக்கி விழுந்தால் அவருடைய மாணவி ஒருத்தியின் மேல்தான் விழ வேண்டும். அந்த மாணவிகள் கூடுகிற இரங்கல் கூட்டத்தில் வாசிக்கத்தான் இதை எழுதுகிறேன். அவர் எப்படிப் பாடம் நடத்தினார் என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். குட்டு வாங்கியது நீங்கள்தானே. அதே பள்ளியில் பக்கத்து அறையில் தமிழ் நடத்திய எனக்கு அவருடைய குரல் மட்டும்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு ஆள் தெரிந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் கணவர் காலமாகி, ஒரே மகன் செந்தில் சென்னைக்கு வேலைக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. தெற்குத் தெருவில் அந்த வீட்டில் அவர் மட்டும். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வேலைக்கார அம்மா வரும் வரைக்கும் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். நான் பார்க்கப் போனபோது, "கத்தினா யாருக்குக் கேட்கும்? பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கிட்டுக் கிடந்தேன் தமிழம்மா. அது முடிஞ்சதும் பத்தொன்பது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "விழுந்தது பெரிசில்ல. எழுந்திருக்கத் தெரியலையே. சின்னப் புள்ளைங்களுக்குத் தெரியறது எனக்கு மறந்து போச்சே."

செந்தில் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். நல்ல பிள்ளை, சும்மா சொல்லக்கூடாது. தாம்பரம் பக்கம் பன்னிரண்டாவது மாடியில் அவனுக்கு வீடு. அம்மாவுக்கென்று ஒரு அறை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, லிஃப்ட். "இனிமே தனியா விட மாட்டேன், கிளம்பும்மா" என்று நின்றான். டீச்சர் அசையவில்லை. "பொங்கல் வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள தரையில உக்காந்து, யார் கையையும் எதையும் பிடிக்காம எழுந்து காட்டறேன். முடியலைன்னா மறுபேச்சுப் பேசாம பெட்டியைக் கட்டிடறேன்" என்றார். அப்போது ஆவணி. மகனுக்கு அம்மாவின் பிடிவாதம் தெரியும், ஒப்புக்கொண்டான்.

கல்யாண மண்டபத்தின் வாசலில் அந்த விளம்பரத்தைப் பார்த்தது டீச்சர்தான். பெண்களுக்கான குழு உடற்பயிற்சி, இசையுடன். தனியாகப் போக அவருக்குக் கூச்சம். என்னைப் பிடித்துக்கொண்டார். "நாம ரெண்டு பேரும் குதிச்சா மண்டபம் தாங்குமா?" என்றேன். "தாங்கலைன்னா அது மண்டபத்துக்காரர் கவலை" என்றார். எனக்கு முழங்கால் வலி, சர்க்கரை, எல்லாவற்றுக்கும் மேலே மானம் என்று ஒன்று. எதைச் சொன்னாலும் கேட்கிற ஆளா அவர்?

உடைதான் முதல் சிக்கல். பேண்ட், டி-சர்ட் போட்டு வரச் சொன்னார்கள். ஆயுசில் புடவையைத் தவிர வேறெதுவும் உடுத்தாத மனுஷி. வழி முழுக்க மாணவிகள், அவர்களுடைய அப்பாக்கள், இப்போது அவர்களுடைய பிள்ளைகள். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? பேண்ட்டையும் டி-சர்ட்டையும் போட்டுக்கொண்டு, அதற்கு மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தார். புரட்டாசி வெயில் காலையிலேயே கொளுத்துகிறது. மண்டபத்துக்குள் போய்ப் புடவையை அவிழ்த்து மடித்து வைப்பதற்குள்ளேயே அவருக்கு வியர்த்து வழிந்துவிட்டது. "பாதிப் பயிற்சி முடிஞ்சு போச்சு" என்றார்.

வகுப்பு மாடியில், சாப்பாட்டுக் கூடத்தில். முதல் நாள் ஏதோ கல்யாணம் நடந்திருக்கிறது. சாம்பார் வாசனை போகவில்லை. சுவரோரம் பந்தி மேசைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற பேனர் கழற்றப்படாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபது பெண்கள் இருப்பார்கள், வரிசையாக நின்றார்கள். நானும் டீச்சரும் விறுவிறுவென்று உள்ளே போய், பிரியாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டோம். ஏன் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் பிரியா பயந்து போய், "டீச்சர்... நீங்க அந்தப் பக்கம் நிக்கணும்" என்றாள். வாழ்நாளெல்லாம் வகுப்பு என்றால் கரும்பலகைப் பக்கமாகவே போய்ப் பழகிய கால்கள். அவற்றைச் சொல்லிக் குற்றமில்லை. கூடமே சிரித்தது. நான் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பேன். டீச்சர் என் முழங்கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். "கடைசி பெஞ்சில என்னதான் நடக்குதுன்னு பார்ப்போம் வாங்க."

நடந்ததைக் கேட்காதீர்கள். பாட்டு காதைப் பிளந்தது. பிரியா வலது என்றால் நான் இடது, அவள் கையைத் தூக்கினால் நான் காலைத் தூக்கினேன். பக்கத்துப் பெண்ணின் கூந்தலில் என் விரல் போய் மாட்டியது. பிறகு எல்லாரும் பாயைப் போட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் மட்டும் நின்றார். பிரியா வந்து கூப்பிட்டதும் மெதுவாக, "உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்மா" என்றார். பள்ளிக்கூடம் அதிரப் பேசுகிற அந்தக் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. 

பிரியா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போட்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னாள். "என்னை ஒன்னாம் வகுப்புல சேர்க்கிறியா?" என்று டீச்சர் முறைத்தார். சற்று யோசித்தார். "அடிப்படை சரியில்லைன்னா ஒன்னாம் வகுப்புதான்" என்று தானே சொல்லிவிட்டு உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். ஐப்பசி மழையில் மண்டபத்துப் படியெல்லாம் தண்ணீர் நின்ற நாட்களிலும் வந்தார். முகூர்த்த நாட்களில் கூடம் எங்களுக்குக் கிடைக்காது. அன்று பாத்திரம் கழுவுகிற பின்கட்டில் நின்று கொஞ்சம் கையைக் காலை ஆட்டிவிட்டு வருவோம்.

புடவை கார்த்திகையோடு போயிற்று. ஒரு நாள் காலை வெறும் பேண்ட், டி-சர்ட்டோடு தெருவில் இறங்கிவிட்டார். பூக்காரம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், வெளியூருங்களா?" என்று கேட்டாள். "இல்ல பாப்பா, உள்ளூர்தான். இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கலாம்னு இருக்கேன்" என்றார். நான் பின்னால் என் துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு போனேன். எனக்கு அந்தத் துணிச்சல் வர இன்னும் பல மாதம் ஆயிற்று.

வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம். பையன் வெளிநாடு போய்ச் சம்பாதித்து இங்கே வீடு கட்டிக்கொடுத்திருக்கிறான். அதற்கு முன்னால் வயலில் நடவு நட்டுப் பிழைத்தவள். ஒரு நாள் பிரியா, குனிந்து கைகளைத் தரையில் ஊன்றி அப்படியே முன்னால் நடந்து வரச் சொன்னாள். எல்லாரும் முன்னால் நகர, செல்வி மட்டும் சரசரவென்று பின்னால் வந்து என் மேல் மோதினாள். "அய்யய்யோ தமிழம்மா, மன்னிச்சுக்குங்க! குனிஞ்சாலே காலு பின்னாலதான் போவுது. நட்ட பழக்கம்" என்றாள். அவளுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. எல்லாரும் சிரித்த சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. "முன்னால போறதுதான் சரின்னு யாரு சொன்னா? பின்னால போனாத்தானே நட்ட நாத்தை மிதிக்காம இருக்க முடியும்" என்றார். அதோடு விடவில்லை. நாற்காலியைப் பிடித்துப் பாயில் இறங்கி, தவழ்கிற நிலையில் கையை ஊன்றித் தானும் பின்னால் நகர்ந்து பார்த்தார். நகர்ந்தவர் அப்படியே நின்றார். "பிரியா, இங்க வா. பின்னால போனா இடுப்பு மேல வருது பார். கால் உள்ள வந்துடும் போலிருக்கே!"

அதுதான் வழியாக அமைந்தது. முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றித் தவழும் நிலைக்கு வருவார். அங்கிருந்து கொஞ்சம் பின்னால் போவார். இடுப்பு மேலே எழுந்ததும் ஒரு பாதத்தை முன்னே வைத்து, தொடையில் கையை அழுத்தி எழுவார். பார்க்க அழகாக இருக்காது. முதல் முறை முழுசாக எழுந்து நின்றபோது கூடமே கைதட்டியது. "கை தட்டாதீங்க. தொடையில கை வெச்சேன், பார்த்தீங்கல்ல? என் தொடைதான், ஆனாலும் கை கைதான். விடை சரி, முழு மார்க் கிடையாது" என்று அதட்டினார். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் இருவருக்கும் அல்வா வாங்கினார். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தே வாங்கினார்.

பொங்கலுக்கு செந்தில் மனைவியோடு வந்தான். டீச்சர் என்னையும் வரச் சொல்லியிருந்தார், சாட்சிக்கு. மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தின் நடுவே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.  திரும்பினார். கையை ஊன்றினார். வகுப்பில் பாய் இருக்கும், இங்கே வழவழவென்று மொசைக் தரை. முழங்கால் வழுக்கியது. தவழ்ந்த வாக்கில் அப்படியே நின்றார். மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தார். செந்தில் அம்மா சரிகிறார் என்று நினைத்துவிட்டான். "அம்மா!" என்று பாய்ந்தான். "தொடாதீங்க செந்தில்! அவங்க விழலை, பின்னால போறாங்க" என்று கத்திவிட்டேன்.

நீட்டிய கையோடு அவன் அப்படியே நின்றான். டீச்சர் எழுந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, தலைமுடி கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. மகன் அழுதுகொண்டிருந்தான். "ஏம்மா இவ்வளவு கஷ்டப்படணும்? நான் இல்லையா?" என்றான். "கஷ்டம்தான்டா. ஆனா என் கஷ்டம்தானே, விடு" என்றார். செந்தில் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் தனியாகத்தான் ஊருக்குப் போனான்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. இருந்தார். வீட்டுக்கு யாருக்கும் பிடிக்காத ஒரு பச்சை வண்ணம் அடித்தார். தெரு விளக்குக்காக நகராட்சியோடு சண்டை போட்டார். வகுப்புப் பெண்களைக் கிளப்பி வேனில் வேளாங்கண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போய், கடற்கரை மணலில் எல்லாரையும் உட்கார வைத்து எழ வைத்தார். மணலில் எழுவது எவ்வளவு சிரமம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. திட்டிக்கொண்டேதான் எழுந்தேன். அவர் எனக்குக் கை கொடுக்கவில்லை.

இறந்த அன்று உங்களில் பலர் வந்திருந்தீர்கள். கூடத்தில், எந்தத் தரையில் அவர் எழுந்து காட்டினாரோ அங்கேதான் கிடத்தியிருந்தார்கள். செந்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.  பிறகு என்னைப் பார்க்காமலே, "அன்னைக்கு நீங்க தொடாதீங்கன்னு சொன்னீங்க டீச்சர்" என்றான். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டான்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னையில் இருந்திருந்தால் அந்தக் காலையில் யாராவது பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். இப்போது அவர் உயிரோடு இருக்கவும் கூடும். ஒரு அம்மாவையும் பிள்ளையையும் பிரித்து வைத்துவிட்டோமோ என்று நினைத்து நினைத்து அழுதேன். அவர் இருந்திருந்தால், "அழுதா விடை வருமா தமிழம்மா?" என்றுதான் கேட்டிருப்பார். அதை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, நானே அவனிடம் போனேன். "செந்தில், நான் குறுக்கே வரலைன்னா அம்மா உங்ககூட இருந்திருப்பாங்க. கோபம் இருந்தா நேரா கேட்டுடுங்க" என்றேன். அவன் பதறிப் போனான். "ஐயோ, நான் அதைச் சொல்லலை டீச்சர்" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அம்மா முன்னெல்லாம் எங்க வீட்டுக்கு வந்தா லிஃப்ட்ல பயந்துக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்குவாங்க. சின்ன வயசுல என்னைத் தேரோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறப்ப நான் பிடிச்சுக்கிட்ட மாதிரி. பொங்கலுக்கு அப்புறம் அவங்க என் கையைப் பிடிக்கவே இல்லை. லிஃப்ட்லயும் இல்லை, ரோட்டுலயும் இல்லை. பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்குக் கையை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை டீச்சர்."

 டீச்சர் எழுந்ததைத்தான் நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நீட்டிய கையோடு நின்றவனை யாரும் பார்க்கவில்லை. அவனைப் பெற்றவர்கூடப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.  அவன் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலைக்கார அம்மா வந்து காப்பி வைத்துவிட்டுப் போனாள். அது ஆறும் வரை இருவரும் எடுக்கவில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் பேசினாள். என் கணவர் போன நாளிலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவள்தான். மங்கை டீச்சர் இப்படிப் போனதிலிருந்து தினமும் அதே பேச்சு. "அம்மா, போதும்மா நீ தனியா இருந்தது. வந்துடு." அழுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

வரமாட்டேன் என்றேன். என்னால் எழுந்துகொள்ள முடிகிறது, முடிகிற வரைக்கும் இங்கேதான் என்றேன். அதைச் சொல்கிற திடத்தை மங்கை டீச்சர் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முன்பிருந்த நானாக இருந்தால் என்றைக்கோ பெட்டியைக் கட்டியிருப்பேன்.

அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மங்கை டீச்சர் தன் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதை நான் என் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"தீபாவளிக்கு வரேல்ல? வந்தா என் பக்கத்துல தரையில உக்காரு. எழுந்திருக்கறப்ப கையை நீட்டு. எனக்குத் தேவைப்படாதுடி. ஆனாலும் பிடிச்சுக்கறேன்."